வெப்பம் போன வழி

பிப்ரவரி, அதிகாலை நாலு மணி.
மைனஸ் பத்தொன்பது.
டௌகாவ்பில்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியின் நான்காம் கட்டடத்தை
வெப்பக் கேமராவில் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.
பகலில் அது ஒரு சாம்பல் நிறச் செவ்வகம்.
இப்போது
திருடியதைச் சட்டைக்குள் மறைக்கத் தெரியாதவன் மாதிரி
மூட்டுக்கு மூட்டு மஞ்சள் வழிகிறது.
மூன்றாம் மாடியில் ஒரே ஒரு ஜன்னல் வெள்ளை வெளேரென்று.
குறிப்பேட்டில் எழுதினேன்:
அறை 317. திறந்திருக்கிறது. ஏன்?

ஏனென்றால்
ரேடியேட்டரின் திருகு
எழுபத்தெட்டில் பூசிய பெயின்ட்டுக்குள் புதைந்துபோய்விட்டது.
புள்ளியியல் நடத்தும் வியெஸ்துர்ஸ் ஸ்பூரா
இருபத்திரண்டு குளிர்காலமாக
ஒரு மடக்கை அட்டவணைப் புத்தகத்தை முட்டுக்கொடுத்து
ஜன்னலை வைத்தே சமாளிக்கிறார்.
"உள்ளே ஜூலை, வெளியே ஜனவரி,
நடுவில் என் மேசை" என்றார்.
வெட்கமே இல்லை.
கொஞ்சம் வெட்கப்பட்டது நான்தான்.
என் வீட்டிலும் அப்படித்தான்.

கொதிகலன் கூடத்திலிருந்து நான்காம் கட்டடம்வரை
நிலத்தடியில் ஒரு குழாய்.
அதற்கு நேர் மேலே, பனியில், ஓர் ஈரக் கோடு.
முறையான நடைபாதை வேறு பக்கம், விளக்குகளோடு இருந்தது.
யாரும் அதில் போனதில்லை.
எல்லாரும் கோட்டின் மேல்தான்.
ஜனவரியில் அங்கே புல் இருக்கும்,
நம்புங்கள், பச்சைப் புல்,
அதன் மேல் விடுதிப் பூனைகள் இரண்டு
வயிற்றைக் காட்டிக்கொண்டு.
என் அறிக்கையில் அதற்கு ஒரு வரி:
பகிர்மான இழப்பு, முப்பத்தொரு சதவீதம்.

கோடையில் சாரம் கட்டினார்கள்.
சுவருக்குப் பதினெட்டு சென்டிமீட்டர் கல்கம்பளி.
மூன்றடுக்குக் கண்ணாடி.
புதுத் திருகுகள், பூஜ்யம் முதல் ஐந்து வரை.
வாசல் கதவில் விசிறியைப் பொருத்திக் காற்றை உறிஞ்சவிட்டு
புகைக்குச்சியும் கையுமாக மாடி மாடியாக நடந்தேன்.
புகை எங்கே தலை சாய்க்கிறதோ அங்கே ஓட்டை:
மின்பெட்டிக்குப் பின்னால்,
பதிவாளரின் அலமாரிக்கு அடியில்,
யாரோ எப்போதோ துளையிட்டு மறந்த தொலைபேசிக் கம்பி வழியில்.
செப்டம்பரில் ஒரு நாள்
புகை நேராக நின்றது.
கைதட்டினேன். தனியாக.

அக்டோபரில் முதல் புகார்.
பெரிய விரிவுரைக்கூடத்தில் நூற்றிருபது பேர்,
மூன்றாம் வகுப்பில் பாதிப்பேர் தூக்கம்.
கரியமில வாயு இரண்டாயிரத்து நூறு காட்டியது.
கசிவு, கசிவு என்று நான் சிவப்பில் வட்டமிட்டது எல்லாம்
ஐம்பது வருடமாக
அந்தக் கட்டடம் விட்டுக்கொண்டிருந்த மூச்சு.
அடைத்த கையே மூக்கும் வைக்கவேண்டி வந்தது:
கூரையில் ஒரு தகரப் பெட்டி.
வெளியே போகும் காற்று
உள்ளே வரும் காற்றுக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிட்டுப் போகும்,
மெல்லிய தகட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக,
ஒன்றையொன்று தொடாமல்.
பொருத்த வந்தவர் என் முன்னாள் கணவர்.
அழுத்த அளவைப் பற்றி மட்டும் பேசினோம்.
நன்றாகவே பொருத்தினார்.

டிசம்பர்.
நான்காம் கட்டடத்தின் கூரையில்
பனி கரையாமல் கிடந்தது, முதல் தடவையாக.
317 மூடியிருந்தது.
மடக்கை அட்டவணையை ஜன்னல் விளிம்பிலேயே
மறந்துவிட்டிருக்கிறார்.

குழாய்க்கும் புது உறை போட்டாயிற்று.
கோடு இல்லை.
ஆனாலும் முழங்கால் பனியில்
அதே இடத்தில்தான் நடக்கிறார்கள்,
ஒரு வளைவுகூடத் தப்பாமல்.
கோட்டைப் பார்த்தே இராத
முதலாண்டுப் பிள்ளைகளும்கூட,
முன்னால் போனவரின் காலடியில் கால்வைத்து.

காவலாளி கெனோவெஃபா மண்வாரியை ஊன்றி நின்றாள்.
"உன் கணக்கில் இதை எழுதினாயா?"
"எதை?"
"என் முதுகை."

எழுதவில்லை.
இன்னொரு மண்வாரி இருக்கிறதா என்று கேட்டேன்.
கொதிகலன் கூடத்தின் பக்கமிருந்து நானும்
படிக்கட்டுப் பக்கமிருந்து அவளும்
வழித்துக்கொண்டே வந்தோம்.
பூனைகள் எங்கே என்று
இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.